பத்தியம் இருந்தும் மஞ்சள் ஏறுவது ஏன்?

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

மகனுக்கு 23 வயது. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் வரச் சொன்னதால் முந்தைய நாள் மத்தியானத்துக்கு அப்புறம் ஒன்றும் சாப்பிடாமல், ராத்திரி பஸ்ஸில் தூக்கமில்லாமல் போய், மறுநாள் காலை பத்து மணிக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார். ரத்தத்தில் இருக்கும் மஞ்சள் பொருளான பிலிரூபின் மொத்தம் 2.6, அதில் நேரடி 0.4. எஸ்ஜிஓடி 24, எஸ்ஜிபிடி 28. ஹீமோகுளோபின் 14.8. கண்ணில் லேசான மஞ்சள். 'தற்காலிகமாகத் தகுதியில்லை, சிகிச்சை எடுத்துக்கொண்டு வரவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் சொந்தக்காரர்கள் சொன்னபடி ஒரு நாட்டு வைத்தியரிடம் காலையில் மருந்து. ஒரு வாரம் உப்பில்லை, எண்ணெய் இல்லை, மோர் விட்ட கஞ்சி மட்டும். எட்டாம் நாள் ரத்தம் பார்த்தால் பிலிரூபின் 3.5! 'முற்றிவிட்டது' என்கிறார்கள் உறவினர்கள். சிறுநீரில் சோற்றுப் பருக்கை போட்டுப் பார்த்தார்கள், அதுவும் மஞ்சளானது. மகனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். இந்த அம்மாவின் கணவருடைய அண்ணன் 46 வயதில், வயிறும் காலும் வீங்கி, கண் மஞ்சளாகி, ரத்த வாந்தி எடுத்து இறந்தவர். 'அதே ரத்தம்தானே, டாக்டர்' என்று எழுதியிருக்கிறார். பிளஸ் டூ பரீட்சை சமயத்திலும், பிறகு ஒருமுறை காய்ச்சல் வந்தபோதும் தன் கண் மஞ்சளானதை மகன் இப்போதுதான் சொன்னாராம். மருந்தைத் தொடரலாமா, வேலை போய்விடுமா, நாளைக்குப் பெண் பார்க்கும்போது இதைச் சொல்ல வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அம்மா, நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டையும் நிதானமாகப் பார்த்தேன். உங்கள் மகனின் கல்லீரல் கெட்டுப்போனதற்கான அடையாளம் இரண்டிலும் இல்லை. அந்த 2.6 ஏறி 3.5 ஆனதற்கும் நோய் முற்றியது காரணமாகத் தெரியவில்லை. நீங்கள் அக்கறையோடு போட்ட பத்தியம்தான் அதை ஏற்றியிருக்க வேண்டும். இதைக் கேட்டு மனம் வருந்தாதீர்கள். கண் மஞ்சளானால் பத்தியம் என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்து வருவதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் செல்லுக்குள் இருக்க வேண்டிய என்சைம்கள். கல்லீரல் செல்கள் உடைந்தால் இவை ரத்தத்தில் கசியும். தண்ணீர் மூலம் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை என்றால் எஸ்ஜிபிடி பல நூறுகளில் நிற்கும், ஆயிரத்தையும் தாண்டும். உங்கள் மகனுக்கு 28. இரண்டாவது ரிப்போர்ட்டிலும் 26தான். பிலிரூபின் ஏறிய அதே வாரத்தில் இது அசையவே இல்லை. உங்கள் உறவினர்கள் யாரும் இந்த வரியைப் படித்திருக்க மாட்டார்கள். எல்லோர் கண்ணும் மேலே கறுப்பு எழுத்தில் இருக்கும் அந்த ஒரே எண்ணில்தான் விழும்.

அடுத்து 'நேரடி' என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 2.6இல் 0.4, 3.5இல் 0.5. மிச்சம் எல்லாம் 'மறைமுக' பிலிரூபின். இந்தப் பிரிவினை புரிந்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது

பிலிரூபின் எல்லோர் உடம்பிலும் தினமும் உண்டாவது. ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். வயதான அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் பிரித்துப் போடுகின்றன. ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. மிஞ்சும் பகுதி முதலில் பிலிவெர்டின் என்ற பச்சை நிறப் பொருளாகவும், அதிலிருந்து பிலிரூபின் என்ற மஞ்சள் பொருளாகவும் மாறுகிறது. முழங்காலில் அடிபட்டு ரத்தம் கட்டினால் முதலில் கருநீலமாக இருந்து, சில நாளில் பச்சையாகி, பிறகு மஞ்சளாகி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். அது இதே வேலைதான், தோலுக்கு அடியில் நடப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது. இப்படி ஒரு நாளைக்கு 250 முதல் 300 மில்லிகிராம் வரை பிலிரூபின் உண்டாகிறது.

இது தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் கல்லீரலுக்கு வந்து சேர்கிறது. இந்த நிலையில் இருப்பதுதான் 'மறைமுக' பிலிரூபின். கல்லீரல் செல் இதை உள்ளே இழுத்து, குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருளை அதோடு ஒட்டுகிறது. ஒட்டியதும் தண்ணீரில் கரையும் தன்மை வந்துவிடும். அது 'நேரடி' பிலிரூபின். பிறகு பித்தநீரோடு சேர்ந்து குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதை வேறு பொருள்களாக மாற்றுகின்றன. மலத்தின் பழுப்பு நிறம் அதிலிருந்து வருவதுதான். சிறு பங்கு மறுபடி ரத்தத்தில் கலந்து, சிறுநீருக்கு வழக்கமான இளமஞ்சளைக் கொடுக்கிறது. பாக்டீரியாக்களின் எந்த என்சைம் இந்த மாற்றத்தைச் செய்கிறது என்பதே 2024இல்தான் தெரிய வந்தது!

சாதாரணமாக ரத்தத்தில் பிலிரூபின் 1.2க்குள் இருக்கும். 2.5, 3 என்று போனால் வெள்ளைவிழியில் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். ஆக, காமாலை என்பது ஓர் அறிகுறி. இந்தப் பாதையில் எங்கோ தேக்கம் என்று மட்டும்தான் அது சொல்லும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தால் கல்லீரலுக்கு வரும் சுமை கூடி, மறைமுக பிலிரூபின் ஏறும். வைரஸ், குடி, சில மாத்திரைகள், எலிக்காய்ச்சல் போன்றவற்றால் கல்லீரல் செல்லே கெட்டால் இரண்டு வகையும் ஏறும், எஸ்ஜிபிடியும் கூடவே ஏறும். கல்லோ கட்டியோ பித்தக்குழாயை அடைத்தால் நேரடி பிலிரூபின் ஏறி, மலம் வெளிறி, சிறுநீர் கடுந்தேநீர் நிறமாகி, உடம்பெல்லாம் அரிக்கும்.

உங்கள் மகனுக்கு இந்த மூன்றும் பொருந்தவில்லை. சர்க்கரையை ஒட்டும் அந்த ஒரு வேலை மட்டும் அவர் கல்லீரலில் கொஞ்சம் மெதுவாக நடக்கிறது என்று நினைக்கிறேன். இதற்குக் கில்பர்ட் சிண்ட்ரோம் என்று பெயர். 1901இல் பிரான்சில் ஒகுஸ்தேன் கில்பர்ட் என்ற மருத்துவரும் அவருடைய சகாவும் இதைப் பற்றி எழுதினார்கள். உலகத்தில் நூறு பேரில் மூன்று முதல் ஏழு பேருக்கு இது உண்டு. பெரும்பாலோருக்குத் தெரியாது, வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போய்விடும். ஒட்டும் வேலையைச் செய்யும் என்சைம் இவர்களுக்குப் பிறரைப்போல் ஏறக்குறைய 30 சதவீதம்தான் வேலை செய்யும். டோல்கேட்டில் பத்து கவுண்டரில் மூன்று மட்டும் திறந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் வண்டிகள் கொஞ்சம் நின்று போய்விடும். பொங்கல் விடுமுறை என்றால் வரிசை நீளும். அதனால் ரோடு கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

பத்தியம் செய்த வேலை

கில்பர்ட் உள்ளவர்களுக்கு வரிசையை நீட்டுவதில் முதல் இடம் பட்டினிக்கு. பிறகுதான் காய்ச்சல், தூக்கமின்மை, உடம்பில் நீர் வற்றுவது, கடும் உடலுழைப்பு, மனப் பதற்றம் எல்லாம். பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களிலும் ஏறலாம். ஒரு நாளைக்கு 400 கலோரி மட்டும் கொடுத்து இரண்டு நாள் வைத்திருந்தால் இவர்களுடைய பிலிரூபின் இரண்டு மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல் ஏறும். ஒரு காலத்தில் நோயைக் கண்டுபிடிக்கவே இப்படிப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். இன்னொன்றும் உண்டு: கலோரியைக் குறைக்காமல் எண்ணெய், கொழுப்பை மட்டும் நிறுத்தினாலும் ஏறும் என்று 1970களிலேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கடிதத்தைத் திருப்பிப் பாருங்கள். முதல் பரிசோதனைக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பட்டினி, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, வேலை கிடைக்குமா என்ற பதற்றம்: 2.6. பிறகு ஒரு வாரம் எண்ணெய் சேராத மோர்க்கஞ்சி: 3.5. பிளஸ் டூ பரீட்சையில் கண் விழித்துப் படித்தபோது மஞ்சள். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தபோது மஞ்சள். கல்லீரல் மருத்துவர் யாரிடம் இந்த நான்கையும் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்.

அதனால் இன்று ராத்திரியே பத்தியத்தை நிறுத்திவிடுங்கள். இட்லி, சாம்பார், முட்டை, மீன் குழம்பு என்று வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதை அவரும் சாப்பிடட்டும். நல்லெண்ணெய் ஊற்றலாம், உப்பு போடலாம். மஞ்சள் தூளையும் தவிர்த்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். மஞ்சள் கிழங்கின் நிறத்துக்கும் கண்ணின் மஞ்சளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தனித் தட்டையும் எடுத்து உள்ளே வையுங்கள். இது ஒட்டும் வியாதி கிடையாது. 23 வயதுப் பையன் தன் வீட்டிலேயே தனித் தட்டில் சாப்பிட நேர்வதைத்தான் நான் கடிதத்தில் வருத்தத்தோடு படித்தேன்.

சோற்றுப் பருக்கையும் கீழாநெல்லியும்

சோறு வெள்ளை நிறம். எந்த மஞ்சள் தண்ணீரில் போட்டாலும் மஞ்சளாகத்தான் செய்யும். தண்ணீர் குடிக்காத ஒருவரின் காலைச் சிறுநீரில் யார் வீட்டில் போட்டுப் பார்த்தாலும் இதே கதைதான். மறைமுக பிலிரூபின் ஆல்புமினைப் பற்றிக்கொண்டு இருப்பதால் சிறுநீரில் இறங்கவே இறங்காது. ஆய்வகத்தில் சிறுநீரில் 'பைல் பிக்மென்ட்' பார்க்கச் சொல்லுங்கள். கில்பர்ட் என்றால் அது 'இல்லை' என்றுதான் வரும்.

கீழாநெல்லி பற்றி என்னிடம் கேட்காத நோயாளி குறைவு. அந்தச் செடியை நான் கேலி செய்ய மாட்டேன். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் என்று லான்செட் இதழில் எழுதினார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் அந்தக் குழுவில் இருந்தார். பின்னால் மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அது வைரஸ் பற்றிய ஆய்வு. உங்கள் மகனுக்கு வைரஸ் இருப்பதாகவே இதுவரை யாரும் காட்டவில்லை.

மருந்து சாப்பிட்டுக் குணமானவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்பீர்கள். உண்மைதான். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே சரியாகும், கில்பர்ட் மஞ்சளும் தானே ஏறித் தானே இறங்கும். அந்த வாரங்களில் யார் எதைக் கொடுத்தாலும் பெயர் அவருக்குப் போகும். எனக்கு இருக்கும் கவலை வேறு. வைத்தியர் கொடுத்த உருண்டையில் கீழாநெல்லி மட்டும்தானா என்று உங்களுக்குத் தெரியாது. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து, நன்றாக இருக்கும் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்கிறேன். ஆகவே மருந்தை நிறுத்துங்கள். கண்ணில் சாறு விடுவது, கையில் சூடு போடுவது பற்றி யாராவது பேச்செடுத்தால் காது கொடுக்காதீர்கள்.

உறுதி செய்துகொள்ள

கடிதத்தைப் படித்து நோயின் பெயரை எழுதித் தந்துவிட முடியாது. இப்போதைக்கு இது வலுவான ஊகம் மட்டுமே. கில்பர்ட் என்று சொல்வதற்கு முன், சிவப்பணுக்கள் அதிகமாக உடைகின்றனவா என்று பார்த்தாக வேண்டும், ஏனென்றால் அதிலும் மறைமுக பிலிரூபின்தான் ஏறும். முழு ரத்த எண்ணிக்கை, ரத்தப்பூச்சு, ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை, எல்டிஎச் ஆகியவை போதும். ஹீமோகுளோபின் 14.8 இருப்பது ஆறுதல்தான், ஆனாலும் பார்த்துவிடுவோம். ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை சோதனை. வயிற்றுக்கு ஒரு ஸ்கேன். கில்பர்ட் உள்ளவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பதற்காகவும் அது நல்லது. அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். மரபணுப் பரிசோதனை என்று பெரிய தொகைக்கு யாராவது எழுதிக் கொடுத்தால் வேண்டாம் என்றே சொல்வேன். அதனால் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை.

பத்து நாள் நன்றாகச் சாப்பிட்டு, முந்தைய இரவு வழக்கம்போல் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, காலையில் ரத்தம் கொடுக்கட்டும். பிலிரூபினுக்கு வெறும் வயிறு அவசியமில்லை. எண் இறங்கியிருக்கும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். 1.8, 2 என்று நின்றாலும் கவலைப்படாதீர்கள். அவருக்கு 1.2 என்பது இலக்கே இல்லை. மாதாமாதம் பரிசோதித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

வேலை, கல்யாணம்

வேலையில் பொய் சொல்லவோ, வேறொருவர் ரத்தத்தைக் கொடுக்கவோ யாராவது யோசனை சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உண்மையே உங்களுக்குச் சாதகமாக இருக்கும்போது பொய் எதற்கு? 'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்றால் கதவு மூடவில்லை என்றுதான் பொருள். என்ன காரணம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ரிப்போர்ட் நகல்களையும் கேளுங்கள். பிறகு கல்லீரல் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்கலாம். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: இது கில்பர்ட் சிண்ட்ரோம், கல்லீரல் நோய் இல்லை; பிறருக்குப் பரவாது; ஷிப்ட் வேலை உட்பட எந்த வேலைக்கும் தடையில்லை. கம்பெனி மருத்துவர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. பரிசோதனைக் கூட்டத்தில் ஒரு எண்ணைப் பார்த்து நிறுத்தி வைத்திருப்பார்கள். சேர்க்கும் தேதி நெருங்குகிறது என்றால் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.

பெண் வீட்டில் சொல்வதா என்பது உங்கள் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது. ஆயுளும் தாம்பத்தியமும் குழந்தைப்பேறும் இதனால் குறையாது. மருத்துவக் காரணத்துக்காகச் சொல்லியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனாலும் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. கல்யாணமான ஆறாம் மாதம் ஒரு காய்ச்சலில் கண் மஞ்சளானால், 'மறைத்துக் கட்டிவைத்தார்கள்' என்ற பேச்சு நோயைவிடப் பெரிதாகிவிடும். பெண் வீட்டுப் பெரியவர்களுக்கு முன், அந்தப் பெண்ணிடமே உங்கள் மகன் நேராகச் சொல்லட்டும். இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபுக்கூறு, ஆகவே அண்ணன் குடும்பத்து ரத்தம் என்று உங்கள் கணவரை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. நாளை பேரக்குழந்தைக்குப் பிறந்த வாரத்தில் மஞ்சள் கொஞ்சம் கூடுதல் நாள் நீடித்தால், அப்பாவுக்குக் கில்பர்ட் என்று குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் அளந்து பார்த்துத் தேவையானால் நீல விளக்கில் வைப்பார். இந்தப் பெயரைச் சொல்லி அந்த அளவைப் பார்க்காமல் மட்டும் விட்டுவிடக் கூடாது.

எல்லா மஞ்சளும் இது கிடையாது

கில்பர்ட் என்று பெயர் வைத்த பிறகு சிலர் அடுத்தடுத்து வரும் எல்லா மஞ்சளையும் அதன் கணக்கில் எழுதிவிடுவார்கள். அது ஆபத்து. கில்பர்ட் உள்ளவருக்கும் ஹெபடைடிஸ் வரும், கல் அடைக்கும். சிறுநீர் கடுந்தேநீர் நிறமானாலோ, மலம் வெளிறினாலோ, வாந்தியும் சாப்பாட்டைக் கண்டால் குமட்டலும் இருந்தாலோ, குளிர்காய்ச்சலோடு வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ, பிலிரூபின் ஐந்தைத் தாண்டினாலோ, நேரடி அளவு கூடினாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மஞ்சளோடு பேச்சில் குழப்பமோ அதிகத் தூக்கமோ சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சாதாரணக் காய்ச்சல் மாத்திரையைச் சொன்ன அளவில் சாப்பிடலாம். புற்றுநோய்க்குக் கொடுக்கும் இரினோடிகன், எச்ஐவிக்கான அட்டசானவிர் போன்ற சில மருந்துகளுக்கு மட்டும் இந்த என்சைம் விஷயத்தில் கவனம் வேண்டும். அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும் கில்பர்ட் என்று முதலிலேயே சொல்வது வழக்கமாகட்டும். குடிக்கலாமா என்று மகன் உங்களிடம் கேட்க மாட்டார், என்னிடம் கேட்டால் எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொல்வேன்: வேண்டாம்.

கடைசியாக அவருடைய பெரியப்பா. வயிறு வீங்கி, கால் வீங்கி, ரத்த வாந்தி எடுத்தார் என்றால் அது சிரோசிஸ், கல்லீரல் சுருங்கிப்போன கடைசிக் கட்டம். உங்கள் மகனின் மஞ்சளுக்கும் அதற்கும் உறவில்லை. அவர் குடிப்பார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதுவே காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் 46 வயதில் சிரோசிஸ் என்றால் ஹெபடைடிஸ் பியும் சேர்ந்திருந்ததா என்ற கேள்வி எனக்கு எழுகிறது. அது தாயிடமிருந்து பிள்ளைகளுக்குப் பிரசவத்தின்போது வரக்கூடியது, ஆண்டுக்கணக்கில் அறிகுறியே காட்டாது. அவருடைய பழைய ஆஸ்பத்திரித் தாள்கள் அண்ணி வீட்டில் இருந்தால் 'எச்பிஎஸ்ஏஜி' என்ற வரியைத் தேடிப் பாருங்கள், அதுதான் ஹெபடைடிஸ் பிக்கான சோதனை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மகனை அழைத்துப் போகும் அதே நாளில் உங்கள் கணவரும் அவருடைய மற்ற அண்ணன் தம்பிகளும் அந்த ஒரு ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டும். இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், இருக்கிறது என்று வந்தால் இன்று அதற்கு நல்ல மாத்திரைகள் இருக்கின்றன.